‘ஐயா’வுக்கு அடுத்த வரி

நீங்கள் எழுதும் மனுவை எந்த அதிகாரியும் முழுதாகப் படிப்பதில்லை. ‘ஐயா’ என்று போட்டு அதற்கு அடுத்து என்ன எழுதியிருக்கிறீர்களோ, அந்த ஒரு வரியைப் படிப்பார். அது பிடித்து இழுத்தால் இரண்டாவது வரிக்குப் போவார். இழுக்காவிட்டால் மனு கட்டுக்குள் போய்விடும். அப்புறம் அதைத் தேடி எடுக்க இன்னொரு மனு போட வேண்டியிருக்கும்.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிற பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை பேசுங்கள் என்று என்னைக் கூப்பிட்டீர்கள். மைக்கைப் பிடித்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் சொன்னதை எழுதிக் கொடுத்தே பழகியவள். இதையும் எழுதியே தருகிறேன். விருதுநகர் கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒரு மடக்கு மேசையும் ஒரு ஸ்டூலும் போட்டு உட்கார்ந்திருந்தேன், அதுதான் என் கடை. மழை வந்தால் காகிதங்களை வயிற்றோடு அணைத்துக்கொண்டு சைக்கிள் ஸ்டாண்டுக்கு ஓடுவேன். நீங்கள் விசிறிக்கு அடியில் கம்ப்யூட்டர் வைத்து உட்கார்ந்திருக்கிறீர்கள். பார்க்கப் பொறாமையாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு மனு எப்போதும் தயாராக இருக்கிறது. ஆள் வந்ததும் பெயரையும் ஊரையும் மட்டும் மாற்றி அச்சடித்துக் கொடுத்துவிடுகிறீர்கள். ‘நான் மேற்கண்ட முகவரியில் குடும்பத்துடன் வசித்து வருகிறேன்’ என்று தொடங்குகிறது. முகவரிதான் மேலேயே இருக்கிறதே, அங்கே வசிக்காமல் அதை வாடகைக்கா விட்டிருக்கிறார்? அடுத்த வரி, ‘நான் கூலி வேலை செய்து பிழைத்து வருகிறேன்.’ கலெக்டர் ஆபீஸ் வாசலில் வெயிலில் நிற்பவர் மில் முதலாளியாகவா இருப்பார்? இப்படிப் பாதிப் பக்கம் போன பிறகுதான் வயிற்றெரிச்சல் ஆரம்பிக்கிறது. அதற்குள் அதிகாரியின் பேனா ஒரு மூலையில் கையெழுத்தைப் போட்டுவிட்டு அடுத்த மனுவுக்குப் போய்விடும்.

இன்னும் சிலர் ‘ஏழைகளின் தெய்வமே, கருணைக் கடலே’ என்று தொடங்குவார்கள். கடல் என்றால் உள்ளே போட்டது எதுவும் திரும்பி வராது, எழுதாதே என்று நான் திட்டுவேன்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் பக்கத்து மேசைக்காரர் ஒருவர் இருந்தார். வெற்றிலை போட்டபடியே எழுதுவார், யாரோடும் அதிகம் பேசமாட்டார். என் மனுக்களை ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: “ஆளு உக்காந்து சொல்றதை மனுவுல எழுதும்மா. எந்திரிச்சுப் போறப்ப சொல்றதை மொத வரியா எழுது.”

எனக்கு அப்போது விளங்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து ஆலங்குளம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். தெருவிளக்கு எரியவில்லை, அதற்கு மனு வேண்டும். உட்கார்ந்ததும் ஒப்பித்தார்: எந்தக் கம்பம், எப்போதிருந்து எரியவில்லை, பஞ்சாயத்துத் தலைவர் எந்தக் கட்சி, அவர் வீட்டு வாசலில் மட்டும் எப்படி ரெண்டு விளக்கு எரிகிறது. எல்லாம் எழுதினேன். கிளம்புவதற்காகத் துண்டை உதறித் தோளில் போட்டவர், யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்: “வெளிச்சம் இருந்திருந்தா பேரனைக் கடிச்சது பாம்புன்னு அப்பவே தெரிஞ்சிருக்கும். முள்ளு குத்திருச்சுன்னு நினைச்சுட்டோம்.” அவரைத் திரும்ப உட்கார வைத்து, அந்தப் பேச்சையே முதல் வரியாகப் போட்டுப் புதிதாக எழுதினேன். விளக்கு உடனே வந்துவிட்டது என்று பிறகு வந்து சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் சந்தோஷம் எதுவும் இல்லை.

ஏன் இப்படி என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். நம் முன்னால் உட்காரும்போது ஜனங்கள் அரசாங்கத்துக்கு எது பிடிக்கும் என்று நினைக்கிறார்களோ அதைச் சொல்கிறார்கள். சொந்தத் துக்கத்தைச் சொல்வது மரியாதைக் குறைவு என்று அவர்களுக்கு ஓர் எண்ணம். எழுந்துவிட்டால் மனு முடிந்தது, இனி நாம் வெறும் மனிதர்கள் என்று தோன்றும்போல. அப்போதுதான் வாய் திறக்கும்.

பேச்சியம்மாளைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஆடி மாதம். தீபாவளி ஆர்டர் குவிந்து பயர் ஆபீஸ்களில் மூச்சுவிட நேரமில்லாத சீசன். எங்கள் பக்கம் பட்டாசுத் தொழிற்சாலையை பயர் ஆபீஸ் என்றுதான் சொல்வோம் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாத்தூர் பக்கம் ஒரு பயர் ஆபீஸில் வெடித்துவிட்டது. எத்தனை பேர் போனார்கள் என்பதை இங்கே எழுத எனக்கு மனமில்லை. உடல்களை விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருந்தார்கள்.

மறுநாள் புதன்கிழமை. மனு வாங்கும் நாள் இல்லை என்பதால் வாசலில் கூட்டம் இல்லை. விபத்து சம்பந்தமாக உள்ளே அதிகாரிகள் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. பெரிய அதிகாரி ஒருவரின் கார் போர்ட்டிகோவில் நின்றது. எந்த நேரமும் ஐயா கிளம்பிவிடுவார் என்று டிரைவர் டீயைக் கூட நின்றுகொண்டே குடித்தார்.

அப்போது ஒரு பெண்ணும் ஒரு பெரியவரும் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தார்கள். பெரியவர் கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்துவிட்டார். மடியில் ஒரு ரோஜா மாலை இருந்தது. அந்தப் பெண் என் எதிரில் உட்கார்ந்தாள். கையில் கோயில் மஞ்சள் கயிறு, புதிதாக.

“எம்பேரு பேச்சியம்மாக்கா. ஆஸ்பத்திரி வாசல்ல செத்தவுக பேரு ஒட்டியிருக்காகள்ல, அதுல எம்பேரும் இருக்கு.”

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

அவள் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். சீசனில் ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அதனால் போக முடியாதவள் தன் வீட்டிலிருந்து இன்னொருத்தியை அனுப்புவாள். காலையில் கேட்டில் பெயர் கூப்பிடும்போது, வராதவள் பெயருக்கு வந்தவள் குரல் கொடுப்பாள். போர்மேனுக்கு எல்லாம் தெரியும். ஆள் எண்ணிக்கை குறையாவிட்டால் போதும் என்று இருந்துவிடுவார். இதற்கு மாத்தாள் போவது என்று பெயர்.

பேச்சியம்மாளின் மகளுக்குக் கண்ணில் நோய் வந்து தேறியிருந்தது. இருக்கன்குடி மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கிப் போடுவதாக நேர்ந்திருந்தாள். ஆடிச் செவ்வாய்க்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனவள், தனக்கு மாத்தாளாகத் தன் ஓரகத்தியை, அதாவது கொழுந்தனின் மனைவி மாரிச்செல்வியை அனுப்பினாள்.

“அவளுக்குத் தீப்பெட்டி ஆபீஸ் வேலைதான் பழக்கம். வெடிக்குப் பயப்படுவா. நான்தான் ஒரு நாளு போயிட்டு வாடி, அம்மனுக்குச் செய்யுற காரியம்னு சொன்னேன். சரிக்கான்னு போனா.”

சாயங்காலம் கோயிலிலிருந்து திரும்பி பஸ்ஸை விட்டு இறங்கினால் தெருவில் ஆளே இல்லை, ஊரே பயர் ஆபீஸ் வாசலுக்கு ஓடியிருக்கிறது. அங்கே செத்தவர்கள் பெயரில் அவள் பெயரைத்தான் வாசித்திருக்கிறார்கள். அவள் வீட்டுக்காரர்களுக்கு மட்டும் செத்தது யார் என்று தெரியும்.

இருட்டுவதற்குள் போர்மேன் வீடு தேடி வந்துவிட்டார். “பேரு இருக்கிறபடியே இருக்கட்டும். மாத்தினா, மாரிச்செல்வின்னு ஒருத்தி எங்க ஆபீஸ்ல வேலையே பார்க்கலேன்னு கம்பெனி சொல்லிரும். உங்களுக்கு ஒண்ணும் வராது. எங்க மேலயும் கேஸ் வரும். ஒரே குடும்பம்தான, எந்தப் பேர்ல வந்தா என்ன? பேச்சியம்மா கொஞ்ச நாளைக்கு வெளிய தலை காட்டாம இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அண்ணன் தம்பி இருவரும் தலையைக் குனிந்து கேட்டிருக்கிறார்கள்.

“எங்க வீட்டு ஆம்பளைக ரெண்டு பேரும் கெட்டவுக இல்லக்கா. பயந்துட்டாக” என்றாள்.

தள்ளி உட்கார்ந்திருந்த பெரியவர் மாரிச்செல்வியின் அப்பா. அருப்புக்கோட்டைப் பக்கம் அவருக்கு ஊர். மகளின் ஓரகத்தி பேச்சியம்மாள் செத்துப்போனாள் என்ற சேதி கேட்டு, காலையில் மாலை வாங்கிக்கொண்டு துட்டி கேட்க வந்திருக்கிறார். வீட்டுக்குள் நுழைந்து பேச்சியம்மாளைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பே வந்துவிட்டதாம். “நீ இருக்கியாத்தா, நல்லா இருப்பே” என்று அவள் தலையில் கை வைத்திருக்கிறார். அப்புறம் உள் அறைக்குள் எட்டிப் பார்த்து, “செல்வி எங்கத்தா?” என்று கேட்டிருக்கிறார். எல்லோரும் அவர் கையிலிருந்த மாலையைப் பார்த்திருக்கிறார்கள். கையில் மாலையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அன்று மத்தியானத்துக்குள் உடலை வாங்கப் பேச்சியம்மாளின் புருஷன் ஆஸ்பத்திரிக்குப் போகப் போகிறான். வாங்கினால் ‘பேச்சியம்மாளின் உடல்’ என்று கையெழுத்துப் போட்டு வாங்கி, அப்படியே புதைத்துவிடுவார்கள். அதற்கு முன்னால் மாரிச்செல்வியை அவள் பெயரில் வாங்க வேண்டும். இதுதான் மனு.

இந்த மாதிரி நேரத்தில் உடனே பேனாவை எடுக்காதீர்கள். நான் கேட்டேன்: “வீட்டுக்குத் தெரியாம வந்திருக்க. இதைக் கொடுத்துட்டா என்ன ஆகும்னு யோசிச்சியா? போர்மேன் சொன்னது பொய்யில்ல. கம்பெனி கையை விரிச்சாலும் விரிக்கும். உன் புருஷன் உன்னைச் சேர்ப்பானா?”

“சேர்க்கலேன்னா போறாரு. நீங்க எழுதுங்கக்கா” என்றாள்.

நான் அந்தப் பெரியவரையும் பார்த்தேன். அவர் எங்களைக் கவனிக்கவில்லை. மாலையிலிருந்து உதிர்ந்த இதழ்களைப் பொறுக்கிப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டிருந்தார். சரி, எழுதுவோம் என்று முடிவு செய்தேன்.

எழுதினேன். இத்தனை வருட அனுபவத்தில் எனக்கு வந்து விழுந்த வரிகளிலேயே பிரமாதமான வரி அதுதான்: ‘ஐயா, நேற்று வெடி விபத்தில் இறந்துபோன பேச்சியம்மாள் எழுதிக்கொள்வது.’

படித்துப் பாருங்கள். எந்த அதிகாரி இதைத் தாண்டிப் போவார்? பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். விபத்துச் செய்திக்காகச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு பத்திரிகைக்காரத் தம்பி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, “அக்கா, இதை அப்படியே தலைப்பா வச்சுக்கிடுறேன்” என்று கெஞ்சினார். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

மனு யாருடையதோ அவருக்கு வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கக்கூடாது என்பது என் வழக்கம். வாசித்துக் காட்டினேன். பேச்சியம்மாள் தலையைச் சாய்த்து ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள்.

“நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா இதைப் படிச்சா எல்லாரும் என்னையத்தான பாப்பாக?”

நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். போர்ட்டிகோவில் கார் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவள் பதறி எழுந்தாள். “சரி குடுங்க, அவரு போயிருவாரு.” சேலையை இழுத்துச் செருகிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

“அவ பேரைச் சொல்லி அழக்கூடாதுன்னுட்டாகக்கா. தெருவுல கேட்டுரும்னு. ராத்திரி பூரா நான் எம்பேரைச் சொல்லித்தான் அவளுக்கு அழுதேன்.”

நான் அந்தத் தாளைக் கிழித்தேன். பத்திரிகைக்காரத் தம்பி “ஐயோ” என்றே சொல்லிவிட்டார். புதுத் தாளில் எழுதினேன்: ‘ஐயா, செத்துப்போனவள் என் ஓரகத்தி மாரிச்செல்வி, அவளுக்காக என் பெயரைச் சொல்லி அழச் சொல்கிறார்கள்.’ அதற்குக் கீழே மாத்தாள் போன விஷயம் சுருக்கமாக. உடலை அவள் பெயரில் அவள் அப்பா முன்னிலையில் கொடுக்க வேண்டும் என்ற கோரிக்கை. அவ்வளவுதான். போர்மேன் பெயரை எழுதவில்லை, கம்பெனியைத் திட்டவில்லை. திட்டினால் விசாரணைக்கு அனுப்புவார்கள், விசாரணை முடிவதற்குள் அவளைப் புதைத்துவிடுவார்கள். பேச்சியம்மாள் விரலில் மை தடவிக் கைரேகை வாங்கியபோது அந்த விரல் சில்லென்று இருந்தது.

முதலில் எழுதிய வரியும் இழுக்கும், இதுவும் இழுக்கும். முன்னதைப் படித்தால் அதிகாரி நிமிர்ந்து, ‘நீ எப்படிம்மா பிழைச்சே?’ என்று பேச்சியம்மாளைக் கேட்டிருப்பார். பத்திரிகைகளில் அவள் படம் வந்திருக்கும். பிணவறையில் கிடந்த பெண்ணைப் பற்றி மூன்றாவது பத்தியில் யாராவது படித்திருந்தால் உண்டு. படிப்பவர் மனதில் முதல் வரி ஒரு கேள்வியை எழுப்பும். அந்தக் கேள்வி யாரைப் பற்றியது என்று பார்த்து எழுதுங்கள், அதைத்தான் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

நாங்கள் ஓடினோம். அதிகாரி ஒரு காலைக் காருக்குள் வைத்திருந்தார். சுற்றிலும் ஆபீஸ் ஆட்கள், எல்லோர் கையிலும் காகிதம். பேச்சியம்மாள் நீட்டியதை வாங்கி, காரில் போய்ப் பார்க்கலாம் என்பதுபோல மடிக்கப் போனவரின் கண் அந்த வரியில் விழுந்தது. மடிக்கவில்லை.

“யாருக்காக யார் பேரைச் சொல்லி அழுறீங்க?” என்று கேட்டார்.

பேச்சியம்மாள் பெரியவர் பக்கம் கை காட்டினாள். பின்னாலிருந்து பெரியவர்தான் சொன்னார்: “எம்மக பேரு மாரிச்செல்விங்க அய்யா.”

அதிகாரி காருக்குள் வைத்த காலை வெளியே எடுத்தார். நின்றபடியே முழு மனுவையும் படித்தார். யாருக்கோ போன் செய்தார். மனுவின் ஓரத்தில் எழுதி, தாசில்தார் ஒருவரை அவர்களோடு அனுப்பினார். தாசில்தாரோடு தனியாகப் போக அவர்கள் இருவரும் பயந்ததால் நானும் மேசையை மடக்கிப் போட்டுவிட்டுக் கூடவே போனேன்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் வைக்க எனக்கு விருப்பமில்லை. போர்மேன் சொன்னபடியே, அப்படி ஒருத்தி எங்களிடம் வேலை பார்க்கவில்லை என்றுதான் கம்பெனி முதலில் சொன்னது. நிவாரணத்துக்காக மாரிச்செல்வியின் புருஷன் ரொம்ப நாள் அலைந்தான். நான்தான் மனுக்கள் எழுதிக் கொடுத்தேன், ஒருவழியாகக் கிடைத்தது. பேச்சியம்மாளுக்கு எந்த பயர் ஆபீஸிலும் அதற்குப் பிறகு வேலை இல்லை. அவள் புருஷன் அவளை வீட்டை விட்டு அனுப்பவில்லை, ஆனால் பேசுவதை நிறுத்திவிட்டான். ஒரு தடவை பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது, “சோறு வச்சா சாப்பிடுறாருக்கா, அது போதும்” என்றாள். நான் செய்தது சரிதானா என்று அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இப்போது கேட்டாலும் அதே வரியைத்தான் எழுதுவேன், ஆனால் மனசு கனத்துத்தான் எழுதுவேன்.

ஆஸ்பத்திரியில் அண்ணன் தம்பி இருவரும் ஏற்கெனவே வந்து காத்திருந்தார்கள். எங்களோடு தாசில்தாரைப் பார்த்ததும் அவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பெரியவரை உள்ளே கூட்டிப் போனார்கள். முகத்தை வைத்து அடையாளம் சொல்ல முடியாது. சின்ன வயதில் அரிவாள்மணை விழுந்து மகளின் காலில் ஏற்பட்ட தழும்பைப் பார்த்து அவர் சொன்னார். எழுதியிருந்த பெயரை அடித்துவிட்டு வேறு பெயர் எழுதினார்கள். கொஞ்ச நேரத்தில் போலீஸ்காரர் ஒருவர் வெளியே வந்து, “மாரிச்செல்வி ஆளுங்க யாருப்பா?” என்று சத்தமாகக் கூப்பிட்டார். அவள் புருஷன் அதுவரை கல்மாதிரி நின்றவன். அந்தப் பெயரைக் கேட்டதும் சுவரில் சாய்ந்து அப்படியே கீழே சரிந்தான்.

உடலை வண்டியில் ஏற்றினார்கள். மாரிச்செல்வியின் புருஷனைத் தாங்கிப் பிடித்து முன்னால் உட்கார வைத்தார்கள். பேச்சியம்மாள் பின்பக்கம் ஏறக் கம்பியைப் பிடித்தபோது அவள் புருஷன் கையைத் தட்டிவிட்டான். “நீ வராத. செத்தவளை வேலைக்கு அனுப்பினதும் நீ, இன்னைக்கு எங்களை இங்கன நிக்க வச்சதும் நீ.” அவள் பின்னால் நகர்ந்து என் பக்கத்தில் வந்து நின்றாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

வண்டிக்குள் மகளின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த பெரியவர் வெளியே எட்டிப் பார்த்தார். யாரையும் திட்டுகிற முகம் இல்லை அது, அலுத்துப்போன முகம்.

“ஏத்தா பேச்சி, ஏறு. நேத்துலயிருந்து எம்மக பேரைச் சொல்லி ஒருத்தரும் அழல. எனக்கு அழத் தெரியலத்தா. நீ வந்து அழு.”

அவள் ஏறினாள். யாரும் தடுக்கவில்லை. வண்டி ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுவதற்குள், “ஏ செல்வி, எம்மா செல்வி” என்று அவள் குரல் ரோடு வரைக்கும் கேட்டது. நான் அங்கேயே நின்று அழுதேன்.